மாவிட்டபுரத்து இளவரசி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே மயிலிட்டி என்னும் ஊர் உளது. அதன் கிழக்கே பலாலி, மேற்கே காங்கேசன்துறை, அதற்கும் அப்பால் கீரிமலை. இப்பகுதியில் நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கற்பாறையாகவே கடலில் முடிகின்றது. வாடைக்காற்றுக் காலத்தில் அலைகள் அப்பாறைகளை மோதி அரித்து, குடைந்த விளிம்புகளை ஆக்கியிருக்கின்றன. மழைநீர் கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, நிலத்தடியே ஓடிக் கீரிமலையில் கடலோரத்திலேயே ஊற்றாக வெளிப்படுகின்றது. ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் நன்னீர். இக்கரையின் மிகப் பழைய காதற்கதை அந்த நன்னீரிலே தொடங்குகின்றது.

கதையை நமக்குத் தருவது ‘யாழ்ப்பாண வைபவமாலை’. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், அவர்களுடைய தலைமை அதிகாரியின் வேண்டுகோளின்படி, 1736ஆம் ஆண்டளவில் இந்நூலை இயற்றியவர் மயில்வாகனப் புலவர். அவரும் இவ்வடகரையிலுள்ள மாதகலைச் சேர்ந்தவரே.

சோழ மன்னன் ஒருவனுடைய மகள் மாருதப்புரவீகவல்லி. குன்மநோயும் குதிரை முகமும் அவளை வருத்தின. மருந்தாலும் மந்திரத்தாலும் தீராத பிணிக்குக் கீரிமலைத் தீர்த்தமே பரிகாரம் என்று பெரியோர் கூற, தோழியரும் காவலரும் சூழக் கடல் கடந்து வந்து, கீரிமலைச் சாரலிலே பாளையமிட்டுத் தங்கினாள். நாள்தோறும் நீராடி இறைவனை வழிபட்டாள். நோய் நீங்கிற்று, முகமும் மாறி அழகு பெற்றது. மா என்றால் குதிரை. மாமுகம் விட்ட இடமாதலால், கோவிற்கடவை எனப்பட்ட ஊர் மாவிட்டபுரமாயிற்று என்பது கதை. நன்றியறிதலாக அங்கே முருகனுக்கு ஆலயம் எடுக்க விரும்பி அவள் தந்தைக்குச் செய்தி அனுப்பினாள். கடல்வழி வந்த திருவுருவம் கரையேறிய துறை, காங்கேயனாகிய முருகன் பெயரால் காங்கேசன்துறை ஆயிற்று என்பர்.

அக்காலத்தில் கதிரமலையிலிருந்து அரசாண்டவன் உக்கிரசிங்கன். கதிரமலை என்பது இன்றைய கந்தரோடை. கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவு. அவன் கீரிமலைக்கு வந்தபோது இளவரசியைக் கண்டான், மையல் கொண்டான். நள்ளிரவிலே காவலைக் கடந்து அவளைக் கொண்டு சென்றான், பின்னர் மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனே அடுத்து அரசாண்டு, யாழ்ப்பாடி ஒருவனுக்கு மணற்றிடலைப் பரிசளித்தான் என்றும், அதனால் நாடு யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றது என்றும் நூல் தொடர்கின்றது.

இது வரலாறா என்று நேயர்கள் வினவலாம். உக்கிரசிங்கன் காலம் சகாப்தம் 717, அதாவது கி.பி. 795 எனக் கொள்ளப்படுகின்றது. நூல் எழுந்ததோ அதற்குத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின்னர். மேலும், விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே. 795இல் சோழர் பேரரசராய் இருந்திலர். பல்லவரும் பாண்டியரும் ஓங்கியிருந்த காலம் அது. ஆகவே, சோழப் பெருவேந்தனின் மகள் அக்காலத்தில் கடல் கடந்து வந்தாள் என்பதை அப்படியே ஏற்பது அரிது. ஆனால் கந்தரோடை தொன்மையான நகரம் என்பதில் ஐயமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் பீரிசும், 1970ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் அங்கு நடத்திய ஆய்வுகள், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே அது செழித்த குடியிருப்பாய் இருந்ததைக் காட்டின. களம் உண்மை, அதில் நடந்ததாகச் சொல்லப்படுவது மரபு.

அரசகுலத்தின் தோற்றத்தைக் கடற்கரைக் காதலொன்றில் வைத்துக் கூறுவது தமிழுக்குப் பழக்கமானதே. நாகநாட்டு இளவரசி பீலிவளை புகார் நகரத்துக் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியைக் கூடிய செய்தியை மணிமேகலை சொல்லுகின்றது. அங்கே நாகநாட்டுப் பெண் சோழநாட்டுக் கரைக்குப் போகின்றாள். இங்கே சோழநாட்டுப் பெண் ஈழக்கரைக்கு வருகின்றாள். பாக்கு நீரிணையின் இரு கரைகளும் தம் உறவைத் திருமணக் கதைகளாகவே நினைவில் வைத்திருக்கின்றன.

இனி, இக்கதையின் உள்ளே கிடக்கும் ஒரு கேள்விக்கு வருவோம். அவள் உடன்சென்றாளா, கவரப்பட்டாளா? பழந்தமிழர் எண்வகை மணங்களை அறிந்திருந்தனர். இருவர் உள்ளமும் ஒன்றிக் கூடுவது காந்தருவம். தொல்காப்பியர் தமிழரின் களவொழுக்கத்தை இதனோடு ஒப்பிடுவர். பெண்ணை வலிதிற் கொண்டு போவது இராக்கதம். அகத்திணையின் உடன்போக்கிலே தலைவி தன் உள்ளத்தால் இசைந்து செல்கின்றாள். தாய் அழுவாள், செவிலி தேடுவாள். எனினும் மகள் செய்தது அறம் என்றே ஊர் முடிவில் உணரும். அந்தப் பயணம் பாலை நிலத்துக்கு உரியது; நெய்தற் கரையோ பிரிந்தவரை எண்ணி இரங்குவதற்கு உரியது. நம் கதை அம்மரபுக்கு மாறாக நெய்தலிலே நிகழ்கின்றது. காவலைக் கடந்த அரசனின் துணிவு அதிற் பேசப்படுகின்றது. அவனோடு போனவளின் இசைவைப் பற்றிக் கதை அதிகம் பேசவில்லை. அந்த அளவில் அது இராக்கதத்தின் பக்கமே சாய்கின்றது.

ஆனால் மக்கள் வழக்கு அவளை அங்கே விட்டுவிடவில்லை. ஆலயத் திருப்பணி நிறைவேறிய பின்னரே மணம் என்று சொல்லி, அவள் அரசனைக் காத்திருக்கச் செய்தாள் என்று கூறுவாரும் உளர். படை கொண்டு நாடு பிடித்தவன், ஒரு பெண்ணின் நேர்த்திக்கடன் முடியும்வரை பொறுத்திருந்தான்! இது நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டும் என்று இவ்வூரார் விரும்பினர். இரவிலே அவளுக்கு இல்லாதிருந்த சொல்லுரிமையைப் பகலிலே அவளுக்குக் கொடுத்தனர். ஊர்ப்பெயரைப் பாருங்கள்: உக்கிரசிங்கன் வென்ற இடமென்றோ, அவளைக் கொண்டு சென்ற இடமென்றோ இந்தக் கரையில் ஊர் இல்லை. அவள் நோய் விட்ட இடம் ஊராயிற்று; அவள் வேண்டிப் பெற்ற தெய்வம் இறங்கிய இடம் துறையாயிற்று.

பெயர்களின் வலிமை சிறிதன்று. 1990ஆம் ஆண்டில் போரினால் மயிலிட்டி மக்கள் தம் வீடுகளையும் வள்ளங்களையும் விட்டுப் பெயர்ந்தனர். இக்கரையின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான். அந்த இருபத்தேழு ஆண்டுகளில் வேற்றூர்களிலும் வேற்று நாடுகளிலும் பிறந்த பிள்ளைகள், தாம் காணாத கரையை ஊர்ப்பெயர்களின் வழியாகவும் கோயிற் கதைகளின் வழியாகவுமே அறிந்தனர்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நீராடுவோர் பலர், பிதிர்க்கடன் முடித்துத் திரும்புகையில் மாவிட்டபுரத்தையும் வழிபடுவர். அக்கோயிலை எழுப்பியவள் யார் என்று அவர்களுள் ஒரு குழந்தை கேட்டால், பெரியவர்கள் அரசன் பெயரை முதலிற் சொல்வதில்லை; கடல் கடந்து வந்த இளவரசியின் கதையையே சொல்லத் தொடங்குவார்கள்.