அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

நமது ஆலயப் பீடத்தின் இருபுறமும் புனித இராயப்பரும் புனித சின்னப்பரும் சுரூபங்களாக நிற்கின்றனர். ஒருவர் கையில் திறவுகோல், மற்றவர் கையில் வாள். ஜூன் 29ஆம் நாள் இருவருக்கும் ஒரே திருநாள், ஒரே தேர். இவ்விருவரும் ஒருமுறை பலர் முன்னிலையில் மோதிக்கொண்டார்கள் என்று ஞாயிறு மறையுரை ஒன்றில் சொன்னேன். பூசைக்குப் பின் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "சாமி, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். அவரோடு வந்த இளைஞர் வேறொன்று கேட்டார்: "இயேசு யூதர்களுக்காகத்தானே வந்தார்? பிறகு எப்படி நம் எல்லோருக்கும் ஆனார்?" இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பொன்விழா மலருக்கு எழுதக் கேட்டபோது அதையே எழுதலாம் என்று எண்ணினேன்.

இளைஞரின் கேள்வி தவறானதன்று. மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரையும் அனுப்பும்போது, புறஇனத்தாரிடம் போகாமல் இஸ்ராயேல் குலத்தாரிடமே போகச் சொல்லுகிறார். 15ஆம் அதிகாரத்தில் கனானேயப் பெண் ஒருத்தி மகளுக்காகக் கெஞ்சும்போது, முதலில் கிடைப்பது கடுமையான மறுப்பே. அவள் விடாமல் வாதாடி வென்றாள் என்பது வேறு கதை. அதே நற்செய்தி, சகல இனத்தாரையும் சீடராக்கும்படி இடப்பட்ட கட்டளையோடு முடிகிறது. இஸ்ராயேல் முதலில், அதன் வழியாக உலகனைத்தும் என்பது இறைவாக்கினர் காலத்திலிருந்தே இருந்த எதிர்நோக்கு. ஆனால் அந்த 'முதலில்' எப்போது முடிந்து 'அனைத்தும்' எப்போது தொடங்குகிறது? அதை ஒருவரும் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. தொடக்கத் திருச்சபை பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களே. பெந்தேகோஸ்துக்குப் பிறகும் இராயப்பரும் அருளப்பரும் பிற்பகல் செபவேளையில் ஜெருசலேம் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தனர். முடியப்பர் கல்லால் எறியப்பட்டு இறந்தபின் எழுந்த கலாபனையில் விசுவாசிகள் சிதறினர். சிதறிப் போனவர்களும் யூதர்களிடம் மட்டுமே பேசினர். ஆனால் சைப்பிரசையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோக்கியாவுக்கு வந்து கிரேக்கரிடமும் பேசினார்கள் என்று அப்போஸ்தலர் பணி 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்களின் பெயரை லூக்காஸ் எழுதவில்லை. யாருடைய கட்டளையாலும் அவர்கள் போனதாகத் தெரியவில்லை. உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகரமான அந்தியோக்கியாவில், பெயர் தெரியாத பொதுநிலையினர் சிலர் நமக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டனர். சீடர்களுக்குக் 'கிறிஸ்தவர்' என்னும் பெயர் முதன்முதலில் வழங்கியதும் அங்கேதான்.

இதற்கு முன்பாகவே செசாரியாவில் கொர்நேலியு என்னும் உரோமை நூற்றுவர்தலைவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இராயப்பர் ஞானஸ்நானம் அளிக்கச் செய்திருந்தார். அவர் ஜெருசலேம் திரும்பியதும் சகோதரர்கள் குறை கூறினர். ஞானஸ்நானம் ஏன் கொடுத்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர் வீட்டுக்குப் போய் அவர்களோடு ஏன் உண்டாய் என்பதுதான் கேள்வி! சேர்த்துக்கொள்வது ஒன்று, சேர்ந்து சாப்பிடுவது வேறொன்று. திருவிழா அசனத்தில் யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்று ஊர்கள் இரண்டுபட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யூதக் கிறிஸ்தவர்களைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிடவும் கூடாது. உணவுச் சட்டம் அவர்களுக்கு வெறும் ஆசாரமன்று. பன்றி இறைச்சியை உண்ண மறுத்து உயிர்விட்ட 90 வயது எலெயாசாரின் வரலாறு மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. முன்னோர்கள் இரத்தம் சிந்திக் காத்ததை நேற்று வந்த கிரேக்கருக்காக விட்டுவிடுவதா என்று அவர்கள் கேட்டிருந்தால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஏறத்தாழ கி.பி. 49இல் ஜெருசலேமில் சங்கம் கூடிற்று. புறஇனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்று இராயப்பர் பேசினார். யாகப்பர் தீர்ப்புக் கூறினார். சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், மூச்சடைத்துச் செத்தவை, கெட்ட நடத்தை ஆகியவற்றை விலக்கினால் போதும் என்று முடிவாயிற்று. கிரேக்கரான தீத்துவைச் சின்னப்பர் தம்முடன் அழைத்துச் சென்றிருந்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆயினும் அந்தியோக்கியாவில் நடந்ததைப் பாருங்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் சின்னப்பரே இதைச் சொல்லுகிறார். (இது சங்கத்துக்கு முன்னா பின்னா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை.) அங்கே வந்திருந்த இராயப்பர் புறஇனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யாகப்பரிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அஞ்சி, மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் விலகினர். பர்னபாவும்கூட விலகினார். சின்னப்பருக்குத் தாயாதிபோல் துணைநின்ற பர்னபா! இராயப்பர் கொள்கை எதையும் மறுக்கவில்லை. எழுந்து வேறு இலைக்குப் போனார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு செயல், நீங்கள் யூதராக மாறினாலன்றி எங்களுக்குச் சமமல்ல என்று கிரேக்கருக்குச் சொல்லிவிட்டது. சின்னப்பர் எல்லார் முன்பாகவும் எதிர்த்துப் பேசினார்.

இராயப்பர் என்ன மறுமொழி சொன்னார் என்று நிருபத்தில் இல்லை. அப்போஸ்தலர் தலைவர் இப்படித் தவறலாமா என்ற சங்கடம் பழங்காலத்தவருக்கும் இருந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு, மக்களுக்குப் பாடமாகச் சச்சரவிட்டது போல் காட்டினர் என்று புனித எரோணிமுஸ் எழுதினார். புனித அகுஸ்தினார் அதை ஏற்கவில்லை. சின்னப்பர் பொய் எழுதினார் என்றால் வேதாகமத்தில் எதை நம்புவது என்று கடிதம் எழுதிக் கேட்டார். இளையவர் திருத்தியதைத் தாழ்ச்சியோடு ஏற்ற இராயப்பரே வியப்புக்குரியவர் என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதைப் படித்த நாள் முதல் நான் அகுஸ்தினார் பக்கமே. என்னிடம் வருத்தப்பட்ட பெரியவருக்கும் அதையே பதிலாகச் சொல்கிறேன்.

சின்னப்பரும் பிடிவாதக்காரர் அல்லர். தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர் என்றிருந்த தீமோத்தேயுவுக்கு, அவ்விடத்து யூதர்களை முன்னிட்டு, தாமே விருத்தசேதனம் செய்வித்தார். பிறகு அவர் ஜெருசலேமில் பிடிபட்டதும் ஒரு சுவர் காரணமாகத்தான். வேற்றினத்தார் தாண்டக்கூடாத தேவாலயத் தடுப்புக்குள் எபேசு நகரத்துத் துரோப்பீமுவைக் கூட்டிப் போனார் என்று பழி சுமத்தினர். தாண்டுகிறவனுக்கு மரணம் என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தத் தேவாலயம் கி.பி. 70இல் உரோமையரால் அழிக்கப்பட்டது.

அதன்பின் காற்று திசைமாறியது. சபையில் புறஇனத்தாரே பெரும்பான்மையாயினர். ஏறத்தாழ கி.பி. 160இல் புனித யுஸ்தீன், திரிப்போ என்னும் யூதரோடு நடந்த உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அதில் வரும் கேள்வி தலைகீழானது: மோயீசன் சட்டத்தைக் கைக்கொண்டே கிறிஸ்துவை விசுவசிக்கும் யூதன் இரட்சணியம் அடைவானா? மற்றவரை வற்புறுத்தாவிடில் அடைவான் என்கிறார் யுஸ்தீன். ஆனால் அத்தகையோருடன் பேசவும் மறுக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு என்றும் ஒப்புக்கொள்ளுகிறார். நூறு ஆண்டுகளுக்குள் விருந்தாளி வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டான்! கி.பி. 386இல், அதே அந்தியோக்கியாவில், கிறிஸ்தவர்கள் யூதர்களின் திருநாட்களுக்குப் போகக்கூடாதென்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் யூதரைக் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கித்தார். அம்மறையுரைகளைப் படிக்க இன்று மனம் கூசுகிறது. பிற்காலத்தில் யூதரைத் துன்புறுத்தியவர்கள் அவற்றை எடுத்துக்காட்டத் தயங்கவில்லை.

1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதன் 4ஆம் பகுதி, கிறிஸ்துவின் பாடுகளில் நடந்தவற்றுக்காக அக்கால யூதர் எல்லோரையுமோ இக்கால யூதரையோ வேறுபாடின்றிக் குற்றம் சுமத்தலாகாது என்கிறது. அப்போஸ்தலர்கள் அந்த இனத்தில் பிறந்தவர்களே என்பதையும் நினைவூட்டுகிறது.

இம்முறை திருநாளுக்குத் தேர் அலங்கரிக்கும்போது, திறவுகோலோடும் வாளோடும் நிற்கும் அந்த இரு யூதர்களுக்கும் அருகருகே இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.