முகல்-ஏ-ஆஸம்: காட்சிப் பொலிவு

கே. ஆசிஃப் இயக்கி 1960-இல் வெளிவந்த இந்தித் திரைப்படம். இளவரசன் சலீமுக்கும் அரசவை நடனப்பெண் அனார்கலிக்கும் இடையிலான காதலைச் சொல்வது. இதன் ஆடம்பரத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கதையின் வாதத்தை நடத்திச் செல்வதே அதுதான். பம்பாய் மோகன் ஸ்டுடியோவில் எழுப்பிய கண்ணாடி மாளிகை அரங்கைப் பார்த்தாலே இது விளங்கும். பெல்ஜியக் கண்ணாடி பதித்த சுவர்களில் விளக்கொளி தெறித்துப் படப்பிடிப்பே சிக்கலாக, ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் ஒளியை நேரே பாய்ச்சாமல் எதிரொளியாக வாங்கிச் சமாளித்தார். அங்கே அனார்கலியாக வரும் மதுபாலா அஞ்சாமல் காதலை அறிவித்து ஆடும்போது கூரையெங்கும் அவர் உருவம் பெருகுகிறது. இந்தக் காதலை எதிர்க்கும் பேரரசரும் சலீமின் தந்தையுமான அக்பர் (பிருத்விராஜ் கபூர்) கட்டிய மாளிகையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அனார்கலி கதைக்கு அக்பரின் அரசவை வரலாற்று நூலான அக்பர்நாமாவில் ஆதாரமில்லை என்பது உண்மை; ஆனால் படம் வரலாற்று நூலாக அன்றி, செவிவழிக் கதையாகவே தன்னை நிறுத்திக்கொள்கிறது. பணத்தைக் கொட்டி வாங்கிய பிரமிப்புதானே என்பாரும் உண்டு. ஆனால் படத்தின் உச்சமான காதல் காட்சியில் இருப்பவை இரண்டு முகங்களும், சலீம் (திலீப் குமார்) அனார்கலியின் கன்னத்தில் வருடும் ஒரு வெள்ளை இறகும் மட்டுமே. எங்கே கொட்டுவது, எங்கே அடக்குவது என்பதை ஆசிஃப் நன்கறிந்திருந்தார். மூலப்படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகைப் பாடலில் வண்ணம் பொங்கி எழும். 2004-இல் முழுப் படத்துக்கும் வண்ணம் ஏற்றியபோது அந்த அதிர்ச்சி காணாமல் போனது பெரிய இழப்பே.