துடிப்பும் தகுதிச் சான்றிதழும்

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் டென்மார்க்–ஃபின்லாந்து கால்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முடியும் நேரம். கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே, சரிந்து விழுந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். சக வீரர்கள் வட்டமாக நின்று கேமராக்களிலிருந்து அவரை மறைத்தார்கள். அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது.

இருபது வருஷமாகத் துடிப்புக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். 'ஓடாத, விளையாடாத' என்று சொன்ன டாக்டர்கள் உண்டு. 'விளையாட்டு உனக்கு எவ்வளவு முக்கியம்?'னு ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, எரிக்சனுக்குப் பிறகு நடந்ததை வெறும் மருத்துவச் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை. ஓர் உடலின் ஆபத்தை யாரு அளக்கறது, அளந்த பிறகு யாரு முடிவு பண்றது என்கிற அதிகாரத்தின் வரலாறாகவே அது படுகிறது.

எரிக்சன் மார்பில் ஐ.சி.டி. பொருத்தினார்கள். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் கருவி. அவர் ஆடிவந்த இன்டர் மிலான் இருப்பது இத்தாலியில். அங்கே 1982 முதல், போட்டிகளில் இறங்குகிறவர்கள் இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கருவியோடு கால்பந்து ஆட அனுமதி இல்லை. 2021 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. 2022 பிப்ரவரியில் அதே இதயத்தோடு, அதே கருவியோடு இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டுக்காக ஆடினார். எல்லை தாண்டியதும் நோயாளி வீரராகிவிடுகிறார் என்றால், தகுதி இருப்பது உடலிலா, காகிதத்திலா?

ஃபூக்கோ வாசித்த நண்பர்கள் உடனே 'கண்காணிப்பு' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இளம் போட்டியாளர்களின் திடீர் இதயச் சாவு 1979-80இல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6, 2003-04இல் 0.4. இது பரிசோதனையின் பலன் என்றது 2006இல் வந்த ஆய்வு. 1997இல் இதுபோல் சட்டம் போட்ட இஸ்ரேலில் சாவு குறையவில்லை என்றது 2011இல் வந்த இன்னொன்று. சர்ச்சை தீரவில்லை. ஆனாலும் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகளை 'சொல்லாடல்' என்று தள்ளிவிட முடியாது.

'சுதந்திரம்' என்று எதிர்ப்பக்கம் ஓடினால் அங்கே ஹேங்க் கேதர்ஸ் நிற்கிறார். ஃபிலடெல்ஃபியாவின் ஏழைக் கறுப்பர் குடியிருப்பிலிருந்து வந்த கூடைப்பந்து வீரர். 1989 டிசம்பரில் ஆட்டத்தில் விழுந்தார். துடிப்புக் கோளாறு தெரிந்தது, மாத்திரை தந்தார்கள். ஆட்டத்தை மந்தமாக்குகிறது என்றார்; அளவைக் குறைத்தார்கள். 1990 மார்ச் 4 அன்று, ஆட்டத்தின் நடுவே மறுபடி விழுந்து இறந்தார். வயது 23. தொழில்முறை ஆட்டமும் பணமும் வாசலில் நிற்கும்போது செய்வதைச் சுதந்திரத் தேர்வு என்பதா?

அமெரிக்காவில் நிக்கலஸ் நாப் என்ற மாணவர் இதயம் நின்று மீண்டவர், ஐ.சி.டி. வைத்தவர். உதவித்தொகை தருவோம், ஆட விடமாட்டோம் என்றது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். வழக்குப் போட்டார். நியாயமான மருத்துவ ஆதாரம் இருந்தால் முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

2013இல், கருவியோடு விளையாடிய 372 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. ஆடும்போது சிலருக்குக் கருவி அதிர்ச்சி கொடுத்தது. ஒருவர்கூட ஆட்டத்தின்போது சாகவில்லை. கோல்ஃப் மாதிரி மெல்லிய விளையாட்டுகளை மட்டும் நெறிகள் அனுமதித்திருந்த காலம் அது. நெறியை மீறி ஆடிய உடல்களே ஆதாரமாயின. 2015இல் அமெரிக்க நெறிகள், வீரரோடு கலந்து பேசி முடிவெடுக்கலாம் என்று இறங்கி வந்தன.

இதை மருத்துவத்தின் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். கலந்து பேசும் அறையில் கிளப்பும் காப்பீடும் உட்கார்ந்திருக்கும். ஆடாவிட்டால் சோறில்லை என்ற பயமும் இருக்கும். பரிசோதனை வேண்டும். மைதானத்தில் அதிர்ச்சிக் கருவி வேண்டும். ஆடாதவருக்கும் பிழைப்பு வேண்டும். அப்புறம்தான் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வரும்: உனக்கு இது எவ்வளவு முக்கியம்?