நொய்யலின் உப்பும் காலரா நச்சும்: ஒரு வாசிப்புக்கு மறுப்பு

காலராக் கிருமியான விப்ரியோ காலரே தன் நச்சு மரபணுக்களை நீரின் உப்பளவைப் பார்த்து இயக்குகிறது என்பது 1980களின் இறுதியிலிருந்து பாடநூல்களில் நிலைத்துவிட்ட முடிவு. சூழல் நுண்ணுயிரியலில் ஒரு சாரார் இந்த முடிவை ஆய்வகக் குடுவையிலிருந்து எடுத்து ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் பொருத்திவிட்டார்கள். நீரில் உப்பு ஏறினால் பாக்டீரியாவின் நோய்த்திறனும் ஏறும் என்பது அவர்கள் வாசிப்பு. திருப்பூரின் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்கு இதை நீட்டுவது மிக எளிது. ஆனால் அந்த நீட்டிப்பு செல்லாது. உப்பு அந்த நுண்ணுயிரின் ஆயுளை நீட்டலாம். அதன் நச்சு மரபணுவை எழுப்பும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சோதனை அதைச் சொல்லவே இல்லை.

எண்கள் ஏன் மயக்குகின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அந்தச் சோதனையின் குடுவையில் நச்சு மிகுதியாகச் சுரந்த உப்பளவு 66 மில்லிமோலார்; அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 3.9 கிராம். பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது நடுத்தர, அடர்ந்த நிறங்களுக்குச் சாயக்குளியலில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை சமையல் உப்போ கிளாபர் உப்போ சேர்ப்பது வழக்கம். துணி அதைப் பிடித்துவைப்பதில்லை. அலசுநீருடன் கலந்து வெளியேறும்போது கரைந்த திடப்பொருள் லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் என்ற அளவில் நிற்கும். விதிமுறை அனுமதிப்பதோ 2,100 மில்லிகிராம்தான். ஆக, குடுவையின் உச்சப்புள்ளி சாயப்பட்டறைக் கழிவின் வீச்சுக்குள் கச்சிதமாக வந்து விழுகிறது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்த 1992ஆம் ஆண்டில்தான் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா வகையும் தலைகாட்டியது. ஆண்டு ஒன்றாயிருப்பதற்கு மேல் இதில் எந்தப் பொருளும் இல்லை. இத்தகைய ஒற்றுமைகளைச் சான்றாக அடுக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இனி அந்தக் குடுவைக்கு வருவோம். நச்சு மரபணுவைத் தூண்டும் டாக்ஸ்-ஆர் என்ற புரதத்தை மில்லரும் மெக்கலனோஸும் 1984இல் அறிவித்தார்கள். அது செல்லின் உட்சவ்வில் பொதிந்திருந்தபடியே டி.என்.ஏ.வைப் பற்றுகிறது என்பது 1987இல் தெரிந்தது. ஒரு முனை சவ்வுக்கு வெளியே, மறுமுனை மரபணுவின் மேல் என்ற இந்த அமைப்பைக் கண்டதும், புறச்சூழலை நேரே உணர்ந்து மரபணுவை இயக்கும் புரதம் இதுதான் என்று கொள்வது இயல்பாயிற்று. 1988இல் வந்த ஆய்வு எந்தச் சூழலில் நச்சு மிகும் என்பதைப் படிப்படியாக அளந்தது: பி.எச். 6.5, வெப்பம் 30 டிகிரி, 66 மில்லிமோலார் உப்பு, சில அமினோ அமிலங்கள். உப்பு இந்த அளவுக்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் நச்சு குறைந்தது.

அந்த அளவீட்டில் எனக்கு ஐயமில்லை. அளக்கப்பட்டது எந்த உயிர் என்பதே கேள்வி. அது கிளாசிக்கல் வகை. 1961இல் தொடங்கி இன்றும் நீளும் ஏழாம் உலகப் பெருந்தொற்று எல் டோர் வகையால் ஆனது. கிளாசிக்கல் வகை கடைசியாகத் தென் வங்கதேசத்தில் 1990களின் தொடக்கம் வரை ஒட்டிக்கொண்டிருந்து மறைந்தது. சென்னையில் தோன்றிய ஓ139உம் எல் டோர் வழித்தோன்றல்தான். மேலுறைச் சர்க்கரையை ஆக்கும் மரபணுக்களே முதன்மையாக மாறியவை. இந்த எல் டோர் வகையை அதே பி.எச். 6.5, 30 டிகிரி ஊடகத்தில் வளர்த்தால் நச்சு பெயரளவுக்குத்தான் வரும். எல் டோரில் நச்சைப் பெற இவனாகாவும் அவருடைய குழுவினரும் 1986இலேயே வேறொரு முறையை வகுக்க வேண்டியிருந்தது: பைகார்பனேட் சேர்த்த ஊடகம், 37 டிகிரி, முதலில் அசையாமல் சில மணி நேரம், பிறகு குலுக்கல். எல் டோரை ஆய்பவர்கள் இன்றும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வேறுபாட்டின் காரணமும் தெரிந்ததே. டாக்ஸ்-ஆர் தனித்து இயங்குவதில்லை. அதனுடன் டி.சி.பி-பி என்ற இன்னொரு சவ்வுப் புரதம் சேர்ந்தால்தான் டாக்ஸ்-டி உருவாகும். அந்த டாக்ஸ்-டி தான் நச்சு மரபணுவையும் குடலில் ஒட்ட உதவும் இழை மரபணுவையும் இயக்கும். டி.சி.பி-பி மரபணுவின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் இரு வகைகளையும் பிரிக்கிறது என்று கோவாசிகோவாவும் ஸ்கோருப்ஸ்கியும் 2000இல் காட்டினார்கள். அந்த இடத்தில் ஆப்-பி என்ற தூண்டுபுரதம் கிளாசிக்கலில் இறுகப் பிடிக்கிறது, எல் டோரில் தளர்வாகப் பிடிக்கிறது. ஆகவே 66 மில்லிமோலார் என்பது விப்ரியோ காலரே இனம் முழுமைக்குமான விதி ஆகாது. இன்று புழக்கத்தில் இல்லாத ஒரு வகை, ஒரு குறிப்பிட்ட ஊடகத்தில் வரைந்த வளைகோடு அது. அண்மைக் கால எல் டோர்த் திரிபுகள் கிளாசிக்கல் நச்சு மரபணுவைச் சுமக்கின்றனவே என்று கேட்கலாம். அவை சுமப்பது நச்சின் வடிவத்தைக் குறிக்கும் மரபணுவை. அதை இயக்கும் முன்பகுதி வேறு. இந்த மறுப்பில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

கிளாசிக்கல் வகைக்கே கூட அந்தக் குடுவை குடலின் சாயல் அல்ல. மனிதக் குடல் 37 டிகிரி. சிறுகுடல் நீர் சற்றே காரம். குடுவையின் உகந்த நிலையோ குளிர்ந்தது, அமிலம் கலந்தது. இந்த முரணை அறிந்தவர்கள் பலர்; அதன் விளைவைக் கடைசிவரை தொடர்ந்தவர்கள் சிலரே. 1999இல் எலிக்குட்டிகளின் குடலுக்குள் மரபணு இயக்கத்தைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஒட்டும் இழை முதலில் உருவாகிறது, நச்சு மரபணு அதற்குப் பின் அதைச் சார்ந்தே இயங்குகிறது என்று கண்டது. குடுவையில் அந்தச் சார்பு தெரியவில்லை. குடல் சுரக்கும் பைகார்பனேட் டாக்ஸ்-டியின் திறனைக் கூட்டுகிறது. பித்தநீரில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதை முடக்குகின்றன. 2010இல் வெளியான டாக்ஸ்-டியின் படிக அமைப்பில் அப்படியொரு கொழுப்பு அமிலம் உள்ளே அமர்ந்திருந்தது. டாக்ஸ்-டியின் ஆர்.என்.ஏ. 20 டிகிரியில் மடங்கிக் கிடந்து 37 டிகிரியில் திறக்கிறது என்பது 2014இல் தெரிந்தது. பித்தம் மிகுந்த குடல்நடுவில் அடங்கி, குடற்சுவரை நெருங்கியதும் இயங்கும் ஒழுங்கு இது. இந்தக் குறிப்புகளில் நொய்யலில் கிடைக்கக்கூடியது எது?

டாக்ஸ்-ஆர் உப்பை உணர்கிறதே என்பார்கள். உணரட்டும். ஆழ்கடலில் வாழும் ஃபோட்டோபாக்டீரியம் புரஃபண்டத்திலும் டாக்ஸ்-ஆர் உண்டு. அதனிடம் காலரா நச்சு இல்லை. அங்கே அந்தப் புரதம் வெளிச்சவ்வுத் துளைகளை நீரழுத்தத்துக்கு ஏற்ப மாற்றுகிறது. காலராக் கிருமியிலும் அது துளைப்புரதங்களை ஆள்கிறது. சூழலுக்கேற்பச் சவ்வைச் சீரமைப்பதே இப்புரதத்தின் மூத்த தொழில், நச்சு பின்னால் வந்து சேர்ந்த பொறுப்பு என்பது என் கணிப்பு. நச்சு மரபணுவே ஒரு பேஜ் வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்பது 1996இலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆற்றிலும் குளத்திலும் எடுக்கப்படும் விப்ரியோ காலரேயில் பெரும்பாலானவற்றிடம் அது இருப்பதில்லை. இல்லாத மரபணுவை எந்த உப்பு இயக்கும்?

உப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்பது என் வாதமல்ல. விப்ரியோவைப் பெருக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் காரப் பெப்டோன் நீரில் ஒரு விழுக்காடு உப்பு, பி.எச். 8.5 அளவில். சாயப்பட்டறையில் சோடா உப்பும் சேர்வதால் அதன் கழிவும் காரமே. பிளீச்சும் பெராக்சைடும் கலவாத இடங்களில் அந்த நீர் கிருமிக்கு இதமாக இருக்கக்கூடும். ஆனால் அதே பி.எச். 8.5 தான் ஆய்வகத்தில் கிளாசிக்கல் வகையின் நச்சை அடக்கி வைக்கும் நிலை! உயிர் தங்குவதற்கான நிலையும் நச்சு சுரப்பதற்கான நிலையும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. உப்பு வாசிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

திருப்பூரில் உப்பு நோயை நெருங்கும் வழி வேறு. நொய்யல் கரையோரக் கிணறுகள் கரித்துப்போனதால் குடும்பங்கள் லாரித் தண்ணீருக்கும் குழாயில் இடைவெளிவிட்டு வரும் நீருக்கும் மாறின. அந்நீர் டிரம்களிலும் குடங்களிலும் நாள்கணக்கில் தேங்குகிறது. லைன் வீடுகளில் பல குடும்பங்களின் கைகள் ஒரே டிரம்மில் நனைகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டு, பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்ற ஏற்பாடு வந்த பின்னும், நிலத்தடியில் இறங்கிய உப்பு உடனே கரைந்துபோய்விடாது. மரபணு ஒழுங்கமைப்பை அளக்காமலே காணக்கூடிய பாதை இது, வலுவானதும் இதுவே.

ஆகவே இப்பகுதியில் நீர்க் கண்காணிப்பு செய்வோர் கரைந்த திடப்பொருளின் அளவை நோய்த்திறனின் அளவுகோலாகக் கொள்வதைக் கைவிட வேண்டும். எடுக்கும் விப்ரியோவில் நச்சு மரபணு உண்டா என்று பி.சி.ஆர். சோதனையில் பாருங்கள், டிரம்மின் அடியிலுள்ள நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.