அரண்மனை ஏலம் போனது, பள்ளிவாசல் நிலைத்தது

 

அண்மைக் காலமாக உம்ராப் பயணத்தோடு துருக்கியையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவருகிறது. இஸ்தான்புல் சென்று திரும்புவோர் இரண்டு இடங்களைப் பற்றித் தவறாமல் பேசுகின்றனர். ஒன்று, உஸ்மானிய சுல்தான்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வாழ்ந்த டோப்காபி அரண்மனை. மற்றொன்று, கட்டடக்கலை மேதை சினான் 1557இல் கட்டிமுடித்த சுலைமானிய்யா பள்ளிவாசல். அந்த அரண்மனை 1924 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. சீட்டு வாங்கித்தான் உள்ளே செல்ல வேண்டும். பள்ளிவாசலிலோ இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. தொழ வருவோரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. ஆனால் இந்தப் படிப்பினையைப் பெற இஸ்தான்புல்வரை செல்ல இயலாதவர்களும் நம்மில் பலர் உண்டு. அவர்கள் வருந்த வேண்டியதில்லை. அதே பாடம் நமக்கு மிக அருகிலேயே கல்லில் எழுதப்பட்டுள்ளது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ மின்ரயில் ஏறி சென்ட்ரல் சென்று, பூங்கா நகரில் பறக்கும் ரயில் மாறினால் சேப்பாக்கத்தில் இறங்கலாம். பூந்தமல்லிச் சகோதரர்களுக்கு அவ்வளவு தொலைவுகூட வேண்டாம். கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷாஹ்வின் ஆட்சியில், 1653ஆம் ஆண்டு, பாரசீகத்தின் அஸ்தராபாத் நகரைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் என்பவர் கட்டிய பள்ளிவாசல் அவர்கள் ஊரிலேயே உள்ளது.

சேப்பாக்கம் அரண்மனை

கர்நாடக நவாப் முஹம்மது அலீ கான் 1749 முதல் 1795 வரை ஆட்சி செய்தவர். ‘வாலாஜா’ என்பது அவருக்குத் தில்லிப் பேரரசர் வழங்கிய பட்டம். இன்றைய வாலாஜா சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆற்காட்டை விட்டுச் சென்னையில் குடியேற விரும்பிய அவர், கடற்கரையை நோக்கியவாறு ஓர் அரண்மனை அமைத்தார். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளைக் கொண்ட அது 1768இல் நிறைவுற்றது. இந்திய-சாரசனிக் கட்டடக்கலைக்கு முன்னோடியாக அறிஞர்கள் இதைக் கருதுகின்றனர். இன்றைய சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானமும் அந்த அரண்மனையைச் சேர்ந்த நிலத்தில் அமைந்ததே.

மாளிகை உயர்ந்தது; கடனும் உயர்ந்தது. போர்ச் செலவுக்காகவும் அரசவைச் செலவுக்காகவும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும், அதன் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையிலும் நவாப் வட்டிக்குக் கடன் வாங்கினார். அரண்மனையைக் கட்டியவராகக் கூறப்படும் பால் பென்ஃபீல்டு என்பவரே நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர். 1763இல் சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகச் சென்றது. 1801இல் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு மாறி, நவாப் என்னும் பட்டம் மட்டுமே எஞ்சியது. 1855இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் பிள்ளையின்றி மறைந்தபோது அதுவும் நீங்கியது. 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. அக்குடும்பத்தினர் 1876 முதல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்கின்றனர்.

பின்னர் சிஸம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இரு மஹால்களுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். அரசவை கூடிய இடம் அரசு அலுவலகங்களாயிற்று. 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையானது. தீயணைப்புப் பணியில் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அது சீரமைக்கப்பட்டது. வட்டியில் எழுந்த மாளிகையின் வரலாறு இது.

கல்லில் எழுதிய கணக்கு

அங்கிருந்து வாலாஜா சாலை வழியே மேற்கே சிறிது தூரம் நடந்தால், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை எனப்பட்ட இன்றைய காயிதே மில்லத் சாலை குறுக்கிடும். அதில்தான் வாலாஜா பெரிய பள்ளிவாசல் உள்ளது. அதே நவாபின் காலத்தில், மரமும் இரும்பும் சேர்க்காமல், சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட பள்ளி இது.

இதன் கிப்லாச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டுக் குறிப்பைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். ‘திக்ருல்லாஹி அக்பர்’, அதாவது ‘இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரியது’ என்னும் தொடர் அது. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. இதை அப்ஜத் கணக்கு என்பர். அதன்படி ‘திக்ர்’ 920, ‘அல்லாஹ்’ 66, ‘அக்பர்’ 223. கூட்டினால் 1209 வரும். ஹிஜ்ரி 1209 என்பது கி.பி. 1794-95. பள்ளி எழுந்த ஆண்டு அதுவே.

இத்தொடரை அமைத்துத் தந்தவர் ராஜா மக்கன் லால். நவாபின் அந்தரங்கச் செயலாளராக விளங்கிய, பாரசீகத்தில் புலமை பெற்ற இந்துப் பெருமகன். அவருடைய சொல்லைத் தாங்கிய சுவரை நோக்கியே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு சப்பு நிற்கிறது. அந்த உறவு இன்றும் அறுபடவில்லை. சிந்து மாகாணத்திலிருந்து பிரிவினையின்போது வந்த அன்பரொருவர் மயிலாப்பூரில் தொடங்கிய சூஃபிதார் அமைப்பினர், ரமளானில் இப்பள்ளியின் நோன்பாளிகளுக்குப் பல பத்தாண்டுகளாக இஃப்தார் உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகின்றனர்.

பள்ளி வளாகத்திலுள்ள அடக்கத்தலத்தில் இருவரை நினைவுகூர்ந்து துஆச் செய்யுங்கள். ஒருவர், 1972 ஏப்ரலில் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். மற்றவர், 1810இல் மறைந்த மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம். நம் மதரஸாக்களில் இன்றும் பயிலப்படும் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தை வகுத்த லக்னோ முல்லா நிஜாமுத்தீனின் மைந்தர் இவர். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, கற்பித்து, இம்மண்ணிலேயே அடங்கினார்.

நமக்கான படிப்பினை

மனிதன் மரணித்தபின்னும் தொடர்பவை நிலையான தர்மமும், பயன்தரும் கல்வியும், துஆச் செய்யும் நற்பிள்ளையும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தனக்கெனக் கட்டியது நவாபின் வாரிசுகளுக்குக்கூட எஞ்சவில்லை. அல்லாஹ்வுக்கெனக் கொடுத்ததோ எந்த ஏலத்திலும் போகவில்லை. சுல்தானுக்கு இஸ்தான்புல்லில் நேர்ந்ததும் இதுவே.

ஆகவே அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒளுவுடன் சென்று இரண்டு ரக்அத் தொழுது, அந்தக் கல்லின் முன் நின்று கணக்கைக் கூட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நம் மஹல்லாவின் பக்கமும் பாருங்கள். நம் பள்ளிக்கு நிலம் தந்தவர் யார், முதற்கல் நட்டது எந்த ஆண்டு, வக்ஃபுப் பத்திரங்கள் எங்குள்ளன என்பவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். எழுதப்பட்டது சாட்சியாக நிற்கும். எழுதாமல் விட்டது அவர்களோடு அடங்கிவிடும்.

நம் முன்னோரின் நற்செயல்களை ஏற்று, அவற்றைப் பேணிக்காக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.