கண்ட்ரோல் ரூம் ஊரைவிட்டுப் போன வரலாறு

செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் தொலைக்காட்சி அப்படியே வீட்டுக்குள் நுழைவதில்லை. யாரோ அதைப் பிடித்து, வீட்டுப் பெட்டி ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, கம்பியில் ஏற்றி அனுப்ப வேண்டும். இன்று டிரான்ஸ்கோடிங், ஸ்ட்ரீமிங் என்று புதுத் தொழில்போலப் பேசப்படும் இந்த வேலையைத் தென்காசிப் பக்கத்துக் கேபிள்காரர்கள் தொண்ணூறுகளிலேயே செய்தார்கள். மாற்றும் வேலை நடந்த அறை, அதாவது கண்ட்ரோல் ரூம், ஊரிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து கண்காணாத கணினிக் கூடங்களுக்கும் நகர்ந்ததே தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊர்களின் தொலைக்காட்சி வரலாறு என்பது என் எண்ணம். அறை தள்ளிப்போகப் போகப் படம் தெளிவானது. ஆனால் ஊர் தன் நிகழ்ச்சியைத் தன் வீடுகளுக்குத் தானே காட்டும் உரிமை தேய்ந்தது.

முதலில் இங்கே அறையே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, அறுநூறு கிலோமீட்டர் தெற்கே இருந்த தென்காசிக்கு அது செய்தித்தாளில் படிக்கும் சங்கதியாகவே இருந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி, அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையிலிருந்து வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. அன்றைய ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரத்தில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து அதைப் பிடித்தார்கள். தலைநகரின் படத்துக்கு முன்னால் அண்டை நாட்டின் படம் வந்து சேர்ந்த பகுதி இது. தூர்தர்ஷனின் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகே தென் மாவட்டங்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒளிபரப்பு நிலைத்தது. எது கிடைத்தாலும் அதைப் பார்ப்பது மட்டுமே அன்று ஊரின் பங்கு.

1991இல் ஸ்டார் டி.வி. ஆசியசாட் செயற்கைக்கோளில் வந்ததும், 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கியதும் அந்த நிலையை மாற்றின. மொட்டைமாடியில் பெரிய டிஷ், கீழே ஒரு சிறு அறை, அதில் சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். எஃப்.எம். முறையில் வந்த படத்தை ரிசீவர் பிரித்தெடுக்கும். மாடுலேட்டர் அதை வீட்டுப் பெட்டிக்கு ஏற்ற ஏ.எம். அலையில் மீண்டும் ஏற்றும். கம்பைனர் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் சேர்க்கும். மின்கம்பங்களில் ஓடிய அந்தக் கேபிளில் சில நூறு அடிக்கு ஓர் ஆம்ப்ளிபயர் வேண்டும், ஒவ்வொன்றும் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால்தான் கடைசித் தெருவில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. குற்றாலச் சாரல் காலத்தில் இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கினால் இன்னும் மோசம். ஆனால் அதே அறையில் இன்னொரு மாடுலேட்டரை வைத்து, ஒரு கேமராவையோ வீடியோ பிளேயரையோ இணைத்தால் லோக்கல் சேனல் தயார். கொடை விழா, தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, காணாமல்போன மாட்டைப் பற்றிய அறிவிப்பு எல்லாம் சன் டி.வி.க்குப் பக்கத்து எண்ணிலேயே ஓடின. 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம்கூட ஆபரேட்டரைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்யச் சொன்னாலும், அறையை ஊரிலேயே விட்டுவைத்தது.

அறையை நகர்த்தியது டிஜிட்டல். அனலாக்கில் ஒரு சேனல் பிடித்த இடத்தில் எம்பெக்-2 முறையில் சுமார் பத்துச் சேனல்களையும், எம்பெக்-4 முறையில் அதைப்போல இரு மடங்கையும் அடைக்கலாம். அதற்கான என்கோடர்களும் சிக்னலுக்குப் பூட்டுப்போடும் (என்க்ரிப்ட் செய்யும்) மென்பொருளும் விலை மிகுந்தவை. சிற்றூர் ஆபரேட்டருக்குக் கட்டாது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சிக்னல் பூட்டப்பட்டே வர வேண்டும் என்றது. பூட்டுச் சாவி பெரிய நிறுவனத்திடம் போக, கேபிள்காரர் கம்பி இழுத்துப் பணம் வசூலிப்பவராக மிஞ்சினார். தமிழக அரசின் கேபிள் நிறுவனமான அரசு கேபிளின் கதையும் இதே பாதைதான். 2007இல் நிறுவனம் உருவானபோது கட்டுப்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்ட நான்கு நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அது மீண்டும் தொடங்கப்பட்டது. மாநில அரசுகள் இத்தொழிலில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லியிருந்த நிலையில், டிஜிட்டல் உரிமம் 2017இல்தான் கிடைத்தது. 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறு ஒன்றால் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் மாநிலம் முழுவதும் பெரும் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் முடங்கின. முன்பு ஒரு ரிசீவர் கெட்டால் ஒரு ஊரில் ஒரு சேனல்தான் நிற்கும்.

பழைய ஏற்பாட்டைப் போற்றுவதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. புதுப்படங்களைத் திருட்டுத்தனமாக ஓட்டியதும், இணைப்புக் கணக்கைக் குறைத்துக் காட்டியதும், ஒரு பகுதிக்கு ஒருவரே என்று ஆள்பலத்தால் பிடித்து வைத்ததும் அந்த அறைகள்தாம். டிஜிட்டல் அவற்றில் பலவற்றை ஒழுங்குபடுத்தியது உண்மை. ஆனால் கணக்கைச் சரிசெய்ய அறையையே எடுத்துச் செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்னொரு மறுப்பு, இன்று கைபேசியில் ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் யூடியூபில் நேரலை செய்யலாமே என்பது. செய்யலாம்; துபாயில் இருக்கும் மகன் ஊர்க் கொடையைப் பார்க்க முடிவது பெரிய பேறு. ஆனாலும் அந்த நேரலை எவர் கண்ணில் பட வேண்டும் என்பதை முடிவு செய்வது தொலைதூர நிறுவனத்தின் கணக்கு. ரிமோட்டில் ஒரே எண்ணை அழுத்திப் பழகிய பாட்டிக்கு அது எட்டாது. மேளச் சத்தத்தில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு கலந்திருந்தால் பதிப்புரிமை என்று நேரலை நின்றும் போகலாம்.

அறை ஊரைவிட்டுப் போவதைத் தொழில்நுட்பம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்குப் பாரீஸில் சான்று இருக்கிறது. 1996இல் எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள், வளாகத்துக்கு வரும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைத் தங்கள் நெட்வொர்க்கில் ஓடவிட எழுதத் தொடங்கிய மென்பொருள்தான், 2001இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட வி.எல்.சி. பிடிப்பது, மாற்றுவது, அனுப்புவது மூன்றையும் சாதாரணக் கணினியே இன்று செய்துவிடும். கட்டாது என்ற பழைய காரணத்தில் என்கோடர் விலை இப்போது இல்லை. பூட்டும் விதியும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்வது அரசின் இலக்கு. இழை இரு திசையிலும் சுமக்கும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சிறு என்கோடரை வைத்து, மல்டிகாஸ்ட் முறையில் ஒரே பிரதியை எல்லா வீட்டுக்கும் அனுப்பி, அந்தந்த ஊருக்கு ஒரு சேனல் எண்ணை விதியிலேயே ஒதுக்கினால், கிராம சபைக் கூட்டத்தைக் குத்துக்கல்வலசை தன் அறையிலிருந்தே ஒளிபரப்பலாம்.