பாலும் மரியாதையும்: கண்டி மலைநாட்டிற் சந்தித்த இரு மொழிகள்

இத்தாலி நாட்டிற் தோன்றிய சில்வெஸ்திரைன் பெனடிக்ற் சபையின் துறவியர் 1845-ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு வரத் தொடங்கினர். 1886-இல் கண்டி மறைமாவட்டம் அமைந்தபோது அச்சபையினரான பன்யானி அடிகள் அதன் முதல் ஆயரானார். அக்காலத்தே கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி அழிந்து தேயிலை தழைத்துக்கொண்டிருந்தது. தோட்டங்களில் உழைத்தோருட் பெரும்பாலார் தென்னிந்தியத் தமிழர். இவ்வாறு இத்தாலியமும் தமிழும் ஒரே மலைச்சாரலில் வழங்கலாயின. பாலை உணர்த்தும் முறையில் இவ்விரு மொழிகளும் பெரிதும் வேறுபடுவன.

இத்தாலியத்திற் பால் சொல்லைப் பற்றியது. வீட்டைக் குறிக்கும் 'காசா' பெண்பால். சுவரைக் குறிக்கும் 'முரோ' ஆண்பால். வெண்மையைக் குறிக்கும் அடைமொழியும் முன்னதற்குப் 'பியாங்கா' எனவும் பின்னதற்குப் 'பியாங்கோ' எனவும் திரியும். காவல் நிற்பவன் ஆடவனேயாயினும் 'சென்தினெல்லா' என்னும் சொல் பெண்பாலே. ஆனால் 'வியேனே' என்னும் வினை, வருபவன் ஆணோ பெண்ணோ என்பதைக் காட்டாது.

தமிழிற் பால் பொருளைப் பற்றியது. வீடும் சுவரும் அஃறிணை. காவலன் உயர்திணை ஆண்பால். 'வெள்ளை' என்னும் அடை எதனோடு சேரினும் பாலுக்கேற்பத் திரிவதில்லை. வினைமுற்றோ 'வருகிறான்', 'வருகிறாள்', 'வருகிறது' எனப் பாலைத் தெளிவாக உணர்த்தும்.

எனினும், மரியாதை புகுமிடத்து இரண்டு மொழிகளும் தத்தம் நெறியினின்று விலகுகின்றன. பெரியோரை 'உமது மேன்மை' என்னும் பொருள்பட விளித்தல் இத்தாலியர் வழக்கு. அத்தொடர் பெண்பாலாதலின், அதனைச் சுட்டிய 'அவள்' என்னும் பெயரே 'லேய்' என முன்னிலை மரியாதைச் சொல்லாகி, 16-ஆம் நூற்றாண்டிற் பரவியது. 1938-இல் பாசிச அரசு அதனை விலக்கி, 'வோய்' என வழங்கப் பணித்தது. அவ்வரசு வீழ்ந்தபின் 'லேய்' மீண்டும் நிலைபெற்றது. தமிழிற் பலர்பாற் சொல்லாகிய 'அவர்' ஒருவரைச் சுட்டும் உயர்சொல்லாயிற்று. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்குப்பற்றி வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியரும் வரையறுத்தார்.

அவ்வுயர்சொல் எல்லார்க்கும் ஒப்பக் கிட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்பில், தோட்டத்துச் சின்னத்துரைமார் தமிழ் பயிலுதற்கென வெளிவந்த கைந்நூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பது. 'வாரும்', 'வாருங்கள்' என்னும் வடிவங்கள் மொழியில் இருந்தும், தொழிலாளரை அழைக்கத் தலைப்பிற் கொள்ளப்பட்டது ஒருமை ஏவலே. தமிழ் இலக்கணம் தோட்டத் தொழிலாளியையும் துரையையும் உயர்திணை என ஒன்றாகவே வைத்தது. அவர்களை 'வா' எனவும் 'வாருங்கள்' எனவும் பிரித்தது மக்கள் வகுத்த வழக்கே. ஆதலின், மொழி வரலாறு பயில்வோர் நூற்பாவை மட்டுமன்றி, யார் யாரை எச்சொல்லால் அழைத்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.